பகலில் நடை சாத்தாத ஊர்

1. எங்களிடம் பனியன் வாங்கும் ஒசாகா பையரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. ஜூன் மாதம் நடக்கும் இரண்டு நாள் பரிசோதனைப் பயிற்சிக்கு எங்கள் கம்பெனியின் தரப் பொறுப்பாளரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தரப் பொறுப்பாளர் நான்.

2. முதலாளி தானும் வருவதாகச் சொன்னார்.

3. முதலாளியின் மனைவியும் உடன் வந்தால் அனுப்புவதாக என் அப்பா சொன்னார். மனைவியும் வருவதாக முடிவானது.

4. விசாவுக்கு நாள்வாரி அட்டவணை கேட்டார்கள். ஐந்து நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலியாக இருந்தது.

5. அந்தக் கட்டத்தில் நான் கியோட்டோ என்று எழுதினேன்.

6. கியோட்டோவைச் சுற்றிப் பார்க்க ஆறு திட்டங்கள் போட்டேன். ஆறிலும் ஒரே தவறு இருந்தது.

ஐந்தாவது வரிக்குப் பின்னால் ஒரு காலண்டர் இருந்தது. பையர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அனுப்பும் காலண்டர். மற்ற கம்பெனிகளின் காலண்டர்களில் சாமி படமோ குழந்தை படமோ இருக்கும். இதில் பன்னிரண்டு மாதமும் கியோட்டோ. நவம்பர் பக்கத்தில் ஒரு மலைச்சரிவு, சரிவு முழுக்கச் சிவந்த மரங்கள், அவற்றுக்கு மேலே உயரமான மரத்தூண்களின் மீது நிற்கும் ஒரு கோயில் மேடை. மேடையின் விளிம்பில் மனிதர்கள் எறும்பளவில் தெரிந்தார்கள். நவம்பர் முடிந்த பிறகும், அடுத்த வருடக் காலண்டர் வந்த பிறகும் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. என் மேசைக்கு எதிர்ச்சுவரில் டிசம்பர் வரவே இல்லை. தேதி தெரிய வேண்டியவர்கள் பேக்கிங் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த மேடையில் நிற்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே நடத்திக்கொள்ள முடியும் என்று நினைத்தேன், ஏனென்றால் அட்டவணை போடுவது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாங்கள் ஜப்பானுக்குக் குழந்தைகளின் உள்பனியன் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அப்பா காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். ஃபேக்ஸ் வந்த வாரமே அவர் ஆலைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தார். முதலாளியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

“புள்ளையத் தனியா அனுப்பறதுக்கு மனசு வல்லீங்க. உங்க ஊட்டுல அம்மாவும் வந்தாங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“அவளையும் கூட்டீட்டுப் போறனுங்க,” என்றார் முதலாளி. “உங்க புள்ளைய ஒரு எடத்துல தனியா உட மாட்டனுங்க. இது என்ற வாக்கு.”

அப்பா என்னைப் பார்க்காமல் எழுந்து, கதவு வரைக்கும் போய், “சூடான துணி எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஜூனில் குளிர் இருக்காது என்று நான் சொல்லவில்லை.

அட்டவணைப் படிவத்தை நிரப்பும்போது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். “நீயே ஏதாச்சும் ஒரு ஊரப் போட்டு உடு அம்மிணி. வெறுங்கட்டமா இருந்தா ஓடிப்போயிருவோம்னு நெனச்சுக்குவாங்க,” என்றார். போட்டுவிட்டேன்.

முதல் திட்டத்தில் பத்து இடங்கள் இருந்தன. மாலை வேலை முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கிடைத்த பக்கங்களை அச்செடுத்தேன். அரண்மனை, கோட்டை, கல் தோட்டம், நெசவுத் தெரு, மீன் மார்க்கெட், நான்கைந்து கோயில்கள். ஒரு ஷிப்மெண்டுக்கு நாங்கள் எப்படித் திட்டம் போடுவோமோ அப்படியே போட்டேன். கப்பல் ஏறும் நாளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்து பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், சாயம், நூல் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் ஒதுக்குவது எங்கள் வழக்கம். கியோட்டோவில் கப்பல் அந்த மேடை. அதைக் கடைசியில் வைத்தேன். மாலை ஏழு மணி, விளக்கு வைத்த பிறகு. அங்கிருந்து பின்னோக்கி வந்தேன்.

பின்னோக்கி வரும்போது மதியம் பன்னிரண்டரையிலிருந்து நான்கு மணி வரை எந்தக் கோயிலையும் போடவில்லை. யோசித்துப் போடாமல் விட்டதல்ல. கை தானாகவே தாண்டிப்போனது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் உச்சிக்காலப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். நான்கு மணிக்குத் திறந்து இரவு எட்டு, எட்டரை வரை வைத்திருப்பார்கள். கோயிலுக்குப் போகிற எவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கோட்டைக்கும் அரண்மனைக்கும் திறக்கும் நேரத்தைத் தேடி எழுதினேன். கோயில்களுக்குத் தேடவே இல்லை. நாள் முழுக்க மற்றவர்கள் சரிபார்க்காமல் விட்டதைக் கண்டுபிடிப்பது என் வேலை.

முதலாளியின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவரிடம் ஒரு காகிதத்தோடு போனேன். அதில் நான்கு கோயில்களின் படம் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்திருந்தேன். எந்தக் கோயில் பிடிக்கிறதோ அதற்கு டிக் அடிக்கச் சொன்னேன். கிருத்திகை தவறாமல் மலையேறுபவர் என்பதால் கோயில்தான் கேட்பார் என்று எனக்கு உறுதி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கையும் பார்த்தார்.

“எல்லாமே நல்லாத்தான் இருக்குது கண்ணு. நீ எது போட்டாலும் செரி.”

மேடை இருந்த படத்துக்கு நானே டிக் அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு திட்டம் சுருங்கத் தொடங்கியது. பையர் கம்பெனியின் மேலாளர் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஒசாகாவில் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார். அதை மறுக்க முடியாது. காலை போனது, கோட்டையும் அரண்மனையும் போயின. மூன்றாவது திட்டத்தில் ஆறு இடங்கள். பிறகு ஒருநாள் முதலாளி என் மேசைக்கு வந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தார். மதியத்தில் இருந்த இடைவெளியில் அவர் விரல் நின்றது.

“இந்த மூணரை மணி நேரம் என்ன பண்றோம்?”

“சாப்பாடுங்க சார். அப்பறம் கடைவீதி.”

“கியோட்டோவுக்கு வெளியில ஒருத்தரு பழைய நிட்டிங் மெசின் வெச்சிருக்கறாராம். அத இதுல போட்டுக்க.”

போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். மெஷின் இருக்கும் குடோன் ஊருக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவாம், மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், திரும்ப ஆறு மணி ஆகிவிடும் என்றார். “கோயலுக்கு அதுக்கு மேல போனாப் போச்சு. ராத்திரி எட்டரை வரைக்கும் இருக்குமல்ல?”

“இருக்குங்க சார்,” என்றேன்.

இப்படி ஆறாவது திட்டத்தில் ஒரே இடம் மிஞ்சியது. மற்ற ஒன்பதும் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒவ்வொரு முறை ஏதாவது போகும்போதும் கடைசி வரியைப் பார்ப்பேன். 19.00, மலைக் கோயில். அது அசையாமல் இருந்தது. விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்ததும் அந்தத் தைரியத்தில்தான்.

செக்கிங் மேசையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். எல்லோரையும் கேலி செய்வார். “ஏ மேடம், ஜப்பானுக்குப் போயும் மெசினத்தான் பாக்கப் போறியளா? அதுக்கு இங்கனயே ராயபுரத்துப் பழைய மெசின் கடைக்கு ஆட்டோவுல போயிருக்கலாம்லா,” என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கோயில் இருக்கிறது என்று அவரிடமும் சொல்லவில்லை.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பையரின் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொரு ஷிப்மெண்டுக்கும் வருபவர், ஐம்பது வயதிருக்கும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பனியனையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டு எடுப்பார். துணிக்குள் உடைந்த ஊசி முனை எதுவும் இருக்கக் கூடாது. அவருடைய ஆங்கிலம் மெதுவானது, என்னுடையதும் அதைவிட வேகம் இல்லை. ஆகையால் நாங்கள் நன்றாகவே புரிந்துகொள்வோம். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டபடி என் ஆறாவது திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பெட்டிகளைப் பார்ப்பது போலவே மேலிருந்து கீழே வந்தார். கடைசி வரியில் பென்சிலை வைத்தார்.

“மூடியிருக்கும்,” என்றார்.

ஏழு மணிக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள், மற்ற கோயில்கள் அதற்கும் முன்னாலேயே சாத்திவிடும். நான் ஏழு மணி என்று எப்படி எழுதினேன் என்று கேட்டார். எங்கள் ஊரில் மதியம் மூடி மாலையில் திறப்போம் என்று விளக்கினேன்.

“மதியம் ஏன் மூடுகிறீர்கள்?”

“சாமி ஓய்வெடுக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“மூன்றரை மணி நேரம்.”

அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். வெளியே தையல் வரிசையில் சாப்பாட்டு மணி முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. “நல்ல கம்பெனி,” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சொன்ன இரண்டு நேரங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பெட்டிகளிடம் திரும்பிப் போன பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. காலை தேநீர், மதியம் குடோன், மாலை பூட்டிய கோயில். நான் காலியாக விட்ட மதியத்தில்தான் அந்தக் கோயில் திறந்திருக்கும். அந்த மதியத்தை நானே எடுத்து முதலாளியிடம் கொடுத்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் தவறு அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. என்ன தவறு, என்ன காரணம், உடனே என்ன செய்வது, மறுபடி வராமல் இருக்க என்ன செய்வது என்று நான்கு கட்டங்கள். வரிசையில் தைக்கும் பவர் டேபிள் டைலர் தையல் விட்டாலும், கட்டிங்கில் அளவு மாறினாலும் நான் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கி முதலாளிக்கு அனுப்புவேன். மறுநாள் காலை ஒரு படிவத்தை எடுத்து என் பெயரைப் போட்டேன். தவறு: கோயில் மூடியிருக்கும் நேரத்தில் போவதாகத் திட்டமிட்டது. காரணம்: நேரத்தை விசாரிக்காமல் எங்கள் ஊர் வழக்கம்தான் அங்கும் என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதைக் காலியாக விட்டே கொண்டுபோனேன்.

முதலாளி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “டைலருக்குக் குடுக்கற பேப்பர உனக்கே குடுத்துக்கிட்டியாக்கும்.”

“தப்பு என்னுதுங்க சார்.”

“இதுல என்ன இருக்குது. கோயல்தான? அடுத்த தடவ போறப்ப பாத்துக்கலாம் அம்மிணி.” பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனார்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரையிலான அந்தச் சில விநாடிகள் எங்கள் கம்பெனியில் தினமும் ஏழெட்டு முறை வரும். எல்லா மெஷின்களும் நின்று, கட்டடமே காதை அடைத்துக்கொண்டது போல இருக்கும். அப்படி ஒன்று அப்போது வந்தது. அந்த அமைதியில் என் குரல் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

“எனக்கு அதைப் பாக்கணுங்க சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அக்கா கேட்டான்னுதான போட்ட?”

“இல்லீங்க. நான்தான் போட்டனுங்க.”

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அவர் குடோன்காரருக்குச் சொன்ன நேரத்தை மாற்ற முடியாது என்றார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை இவருக்காகவே வந்து திறக்கிறாராம். மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நோட்டைத் திறந்து இன்ஸ்பெக்டர் சொன்ன முதல் நேரத்தைக் காட்டினேன். காலை ஆறு மணி. தேநீருக்கு ஒன்பதரைக்குள் ஒசாகாவுக்குத் திரும்பிவிடலாம். முந்தின நாள் அதை எழுதும்போது கவனிக்கவில்லை, இரண்டாவது நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது.

“ஒரே ஊருக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவையா? காங்கயத்துக்குப் போய்ட்டு வர்ற மாதிரிச் சொல்ற,” என்றார். பிறகு, “உங்கப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கறேன். தனியா உட மாட்டேன். அவ வந்தாப் போலாம். அவகிட்ட நீயே கேளு,” என்றார்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் ஜப்பானுக்கு எடுத்துப்போகப் பருப்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தார். முட்டை கலக்காதது என்ன கிடைக்குமோ என்ற கவலையில் ஐந்து நாளைக்கான பொடியும் ஊறுகாயும் தயாராகிக்கொண்டிருந்தன. காலை ஆறு மணிக் கோயில் என்று சொன்னேன். நல்ல தரிசனம், கூட்டம் இருக்காது என்றேன். அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

“கோயல் இங்க இல்லாததா கண்ணு?”

“உங்களுக்குக் கோயல்தான் வேணும்னு நெனச்சனுங்க அக்கா,” என்றேன்.

“நீ நாலு கோயல் படத்த ஒட்டிக் கொண்டாந்து எது வேணும்னு கேட்ட. நான் என்ன சொல்றது?”

“அப்ப உங்களுக்கு என்னதான் பாக்கணுங்க?”

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சற்றே வெட்கப்பட்டது போல இருந்தது. “அங்க ஒரு ரயிலு போகுதாமல்ல, குண்டு மாதிரி. டிவில காட்டுனாங்க. அதுல சன்னலோரமா ஒருக்கா உக்காரணும். அவருகிட்டச் சொன்னா, வந்த வேலையப் பாருங்கறாரு.”

பக்கத்தில் கிடந்த மாவுச்சல்லடையை எடுத்துத் தட்டியபடி நின்றிருந்த எனக்கு மனதுக்குள் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலான ரயில் அட்டவணை ஓடியது. அந்த வேக ரயிலில் ஒசாகாவிலிருந்து கியோட்டோ கால் மணி நேரம். காலை ஆறு மணிக்கு ஒன்று கிளம்புகிறது. திட்டத்தில் சாதாரண ரயில்தான் போட்டிருந்தேன்.

“அதுலயே போலாங்க அக்கா. போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான்.”

“அப்ப எத்தன மணிக்கு எந்திரிக்கோணும்?”

“நாலரைங்க.”

“நான் தெனமும் எந்திரிக்கறதே நாலரைக்குத்தான். நீ எந்திரிச்சுக்குவியா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் வறுக்கத் தொடங்கினார். திரும்பி வந்து ஏழாவது திட்டத்தைப் போட்டேன். இரண்டு வரிதான். ஆறு மணி ரயில், ஏழு மணிக்கு மேடை. தவறு அறிக்கையின் மூன்றாவது கட்டத்தையும் நிரப்பி முதலாளி மேசையில் வைத்தேன். நான்காவதில், இனிமேல் யாருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்பது, என்னையும் சேர்த்து, என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தாரா என்று தெரியாது. கையெழுத்து இருந்தது.

அந்த ஞாயிறு லேசான தூறல். அக்கா சன்னலோரம் உட்கார்ந்தார். ரயில் நகர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. கூரைகளும் கம்பங்களும் ஓடின. ஓர் ஆறு வந்தது. இறங்கச் சொன்னபோது, “அதுக்குள்ளயா?” என்றார். திரும்பி வரும்போது மறுபக்கத்துச் சன்னல் வேண்டும் என்றார்.

டாக்ஸியிலிருந்து இறங்கி ஏற்றத்தில் நடந்தோம். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. கோயிலில் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார், ஒரு வயதான தம்பதி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நாங்களும் கும்பிட்டோம். மேடைக்குப் போனேன். பலகைகள் ஈரமாக இருந்தன, கட்டைச் சுவரின் விளிம்பு தேய்ந்து மழமழவென்று இருந்தது. கீழே எல்லாம் பச்சை. ஜூன் மாதத்தில் பச்சையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது திட்டத்திலேயே இருந்தது. தெரியாமல் போனது வேறொன்று. மேடையில் நின்றால் மேடை தெரியாது. தூண்களும் தெரியாது. நான் ஒன்றரை வருடம் பார்த்த அந்தப் படத்தை எதிர்ச் சரிவிலிருந்து எடுத்திருந்தார்கள். அங்கே போக ஒரு பாதை இருந்தது, போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் விசாரித்திருக்கவில்லை.

மணி ஏழு இருபது. எட்டுக்குக் கிளம்ப வேண்டும். அக்காவிடம் சொன்னேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “வா, போய்ப் பாத்துட்டே வந்தர்லாம்,” என்றார். வேகமாக நடந்தோம். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தபோது மேடையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் நான் நின்ற இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்தேன். அக்கா போட்டோ எடுத்தார். மேடை முழுதாக வந்திருக்கிறது, ஓரத்தில் என் தோளும் காதும் வந்திருக்கின்றன.

எட்டு ஐந்துக்குக் கிளம்பினோம். தேநீருக்கு ஆறு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்போது நிலவரம் இது. முதலாளி அந்த மெஷின்களை வாங்கவில்லை. அடுத்த தடவை என்ற ஒன்று எனக்கு இன்னும் வரவில்லை. ஏழு திட்டங்களும் ஒரே ஃபைலில் இருக்கின்றன, காலண்டரின் நவம்பர் பக்கமும் அதில்தான். முதல் திட்டத்தின் பத்து இடங்களில் பார்த்தது ஒன்று, ஒன்பது பாக்கி. அந்த ஒன்பதுக்கும் திறக்கும் நேரம், சாத்தும் நேரம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன்.